தோற்றால் வெளியே: சிட்னியில் ஒரு ரக்பி சீசன், ஒரு தலைக்காயம், சில பில்கள்

மேற்கு சிட்னியில் பையன்களை வளர்க்கும் தமிழ் அம்மா அப்பாக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பென்டில் ஹில், டூங்காபி, வென்ட்வொர்த்வில் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், குளிர் ஆரம்பிக்கும்போது ஏதாவது ஒரு வீட்டில் பதினாறு வயதுப் பையன் ஒரு படிவத்தை நீட்டி, "ஃபுட்டி டீம்ல எடுத்துட்டாங்க, சைன் பண்ணுங்கம்மா" என்பான். போன வருடம் அது எங்கள் வீட்டில் நடந்தது. அந்தப் படிவத்தில் எழுதாத விஷயங்களை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். முன்கூட்டியே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிக்குப் பாதி தப்பித்திருப்பேன். சொல்ல ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் மேற்கு ஆஸ்திரேலியாவில் இரும்புச் சுரங்கத்தில் வேலை, மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் கேஷுவல், அதாவது நிரந்தரமில்லாத வேலை. ஆக அந்த சீசன் முழுவதையும் பெரும்பாலும் தனியாகத்தான் சமாளித்தேன்.

பையன்கள் ஃபுட்டி என்று சொல்லும் இந்த ரக்பி லீக் என்றால் எனக்கு என்னவென்றே தெரியாது. திருச்சியில் வளர்ந்தவள், தெரிந்தது கபடிதான். பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் பிடிபட்டது. பதிமூன்று பேர், ஆறு டேக்கிள், அதற்குள் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் 4 பாயின்ட், அதை உதைத்துக் கம்பத்துக்கு மேலே அனுப்பினால் இன்னும் 2. கபடியில் பாடி வருபவனை ஏழு பேர் மடக்குவார்களே, அதே மடக்கல்தான், ஆனால் வருபவன் முப்பது அடி ஓடிவந்து மோதுவான். என் பையன் ஹூக்கர். ஒவ்வொரு டேக்கிளுக்கும் பிறகு பந்தை முதலில் எடுத்து அனுப்புகிற ஆள். எதிரணி பந்து வைத்திருக்கும்போது நடு மைதானத்தில் நின்று, தன்னைவிட முப்பது கிலோ அதிகமான பையன்களைக் காலைப் பிடித்துச் சாய்ப்பதும் அவன் வேலைதான். இந்த இடத்தில் ஆடுகிறவன் ஒரு ஆட்டத்தில் எத்தனை தடவை மோதுகிறான் என்பதை முதல் ஆட்டத்தில் நான் எண்ணத் தொடங்கினேன், பாதியிலேயே விட்டுவிட்டேன். உங்கள் பையன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஓடும் விங்கருக்கும் நடுவில் நிற்கும் ஹூக்கருக்கும் உடம்பு வாங்குகிற அடி ஒன்றல்ல.

அவன் ஏற்கெனவே சனிக்கிழமை கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தான். அது வாராவாரம் நடக்கும் லீக் முறைப் போட்டி. இந்த வாரம் தோற்றால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், கால் வலித்தால் ஒரு ஆட்டம் உட்காரலாம். பள்ளிக் கோப்பை அப்படி இல்லை. வாரத்தின் நடுவில், பெரும்பாலும் புதன்கிழமை, பள்ளி நேரத்திலேயே நடக்கும். நாக்-அவுட். ஒரு தடவை தோற்றால் அந்த வருடம் அதோடு முடிந்தது. எந்தக் கோப்பை என்று பெயர் சொல்லப் போவதில்லை, இந்த மாநிலத்தில் பள்ளிகளுக்கு இதே மாதிரி ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. அரசுப் பள்ளிகளின் யுனிவர்சிட்டி ஷீல்டு 1920-லிருந்து நடக்கிறது, நூறு வருடத்தைத் தாண்டிவிட்டது. அப்பா ஆடியது, தாத்தா ஆடியது என்று பையன்கள் பெருமையாகச் சொல்லும்போது, நம் வீட்டில் அந்தக் கதை இல்லையே என்று என் பையனுக்குள் ஒரு ஏக்கம் இருந்திருக்கிறது. அது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் புரிந்தது.

இந்தப் புதன்கிழமைப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று ஒரு தாத்தா எனக்குச் சொன்னார். அணியில் இருந்த வேறொரு பையனின் தாத்தா, ஆட்டத்துக்கு ஆட்டம் மடக்கு நாற்காலியோடு வருவார். 1974-ல் ஆம்கோ என்ற ஜீன்ஸ் கம்பெனி பணம் போட்டுப் பெரியவர்களுக்கு ஒரு கோப்பை ஆரம்பித்தார்களாம். லைக்கார்ட் ஓவலில் விளக்கு வெளிச்சத்தில், புதன்கிழமை ராத்திரி, டிவிக்காகவே நடந்த போட்டி. வழக்கமான இரண்டு பாதிக்குப் பதிலாக நாலு கால்பகுதி. சிட்னியின் பெரிய கிளப்புகளோடு நாட்டுப்புற அணிகளையும் சேர்த்துவிட்டார்கள். முதல் வருடமே டப்போ, ஆரஞ்ச் பக்கத்துப் பையன்கள் சேர்ந்த வெஸ்டர்ன் டிவிஷன் அணி, இறுதியில் சிட்னி கிளப்பான பென்ரித்தை 6-2 என்று தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அடுத்த வருடம், 1975-ல், அதே கம்பெனியின் பெயரில் பள்ளிகளுக்கும் ஒரு ஷீல்டு வந்தது. பெரியவர்கள் கோப்பைக்கு அப்புறம் டூத், கே.பி., பேனசோனிக் என்று காசு கொடுத்தவர் பெயரெல்லாம் ஒட்டிக்கொண்டது. 1984-ல் வாலி லூயிஸ் என்ற பேர்பெற்ற ஆட்டக்காரர் இருந்த பிரிஸ்பேன் அணி, சிட்னியின் ஈஸ்டர்ன் சபர்ப்ஸை ஒரே ஒரு பாயின்ட்டில், 12-11 என்று ஜெயித்ததைத் தாத்தா நேற்று நடந்ததுபோல் சொன்னார். "ஒரு ராத்திரி நன்றாக ஆடினால் போதும், யாரும் யாரையும் தோற்கடிக்கலாம்" என்றார். கேட்க எனக்கே உடம்பு சிலிர்த்தது. அந்த ஒரு ராத்திரிக்காக ஒரு பையன் எதையெல்லாம் மறைப்பான் என்பதை அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முதலில் எனக்கு விழுந்த அடி ரோஸ்டரில்தான், அதாவது வேலை நேரப் பட்டியலில். நாக்-அவுட்டில் அடுத்த ஆட்டம் எப்போது, எங்கே என்பது இந்த ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரியும். எதிர்ப் பள்ளியோடு பேசி, மைதானம் கிடைக்கிற நாளைப் பார்த்து, அணி மேனேஜர் ஒரு மெசேஜ் அனுப்புவார். சில சமயம் ஒரு வாரம் இருக்கும், சில சமயம் நாலு நாள்தான் இருக்கும். எங்கள் ரோஸ்டர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போடுவது. போட்ட பிறகு ஷிஃப்டை விட்டால் அது போனதுதான், கேஷுவலுக்குச் சம்பளத்தோடு லீவ் கிடையாது. நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கு வருடத்துக்கு 10 நாள் பெர்சனல் லீவ் இருக்கிறது, அதுவும் தனக்கோ பிள்ளைக்கோ உடம்பு சரியில்லை என்றால்தான், ஆட்டம் பார்க்க இல்லை. கேஷுவலுக்கு அப்படி ஒரு அவசரம் வந்தால் ஒவ்வொரு தடவையும் 2 நாள் சம்பளமில்லாமல் எடுக்க உரிமை உண்டு. இது எனக்கு அப்போது தெரியாது, வேலை போய்விடுமோ என்று பயந்து பயந்து பொய்க் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆகவே ஒரு யோசனை. எல்லா ஆட்டத்துக்கும் போக வேண்டியதில்லை, பள்ளி பஸ்ஸில் கூட்டிப்போய்க் கூட்டிவந்து விடுகிறார்கள். உங்களிடம் விடக்கூடிய ஷிஃப்டுகள் இரண்டு மூன்று என்றால் அதைக் கடைசிச் சுற்றுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் வின்ட்சர் பக்கம் நடந்த முதல் ஆட்டத்துக்கே ஷிஃப்டை விட்டுவிட்டுப் போய், நாற்பது பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயித்ததை வாடைக்காற்றில் நின்று பார்த்தேன். பல்லைக் காக்க வாயில் போடும் மவுத்கார்டு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், பல் டாக்டர் அச்செடுத்துச் செய்வது விலைதான், ஆனால் பையன் வாயிலிருந்து கழற்றாமல் போட்டிருப்பான். தலைக்குப் போடும் பஞ்சுத் தொப்பி வேறு கதை. காதும் தோலும் கிழியாமல் காக்கும், அவ்வளவுதான். மூளை உள்ளே குலுங்குவதை அது தடுக்காது. அதை வாங்கிக் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன்.

ஒவ்வொரு சுற்றாக ஜெயிக்க ஜெயிக்க வீட்டுக் காற்றே மாறிவிட்டது. பள்ளி அசெம்பிளியில் பெயர் வாசித்தார்கள். அவன் அப்பா சுரங்கத்து கேன்டீனில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். கோவிலில் தெரிந்தவர்கள்கூட "ஃபுட்டி எப்படிப் போகுது தம்பி?" என்று விசாரித்தார்கள். நம் பையன்களை ஸ்பெல்லிங் பீ, சதுரங்கம் என்று மட்டுமே பார்த்துப் பழகிய ஊரில் இது தனிப் பெருமை, நானும் அதில் நன்றாகவே குளிர்காய்ந்தேன்.

கால் இறுதி ஒரு புதன்கிழமை மதியம். இரண்டாம் பாதியில் பெரிய பையன் ஒருவன் நேராக ஓடிவந்தான். என் பையன் குனிந்து பிடிக்கப் போக, அவன் இடுப்பெலும்பு இவன் நெற்றிப்பொட்டில் இடித்தது. சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. இவன் மயங்கி விழவில்லை. எழுந்தான், எழுந்து எதிரணி வரிசையில் போய் நின்றான். இரண்டு விநாடி இருக்கும். பக்கத்தில் நின்ற எதிரணிப் பையன் சிரித்துக்கொண்டே அவன் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினான். பார்த்தவர்களும் சிரித்தார்கள். தண்ணீர் பாட்டிலோடு உள்ளே ஓடிப்போன ஆள் ஏதோ கேட்டார், இவன் தலையாட்டினான், கட்டை விரலைத் தூக்கினான். ஆட்டம் தொடர்ந்தது. ஆறு பாயின்ட் முன்னிலை, பத்து நிமிடம் பாக்கி, உள்ளே அனுப்ப வேறு ஹூக்கர் இல்லை. ஜெயித்தார்கள். நான் கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. காரில் வரும்போது, "செமி யாரோடம்மா?" என்று கேட்டான். சொன்னேன். கிரேட் வெஸ்டர்ன் ஹைவேயில் இரண்டு சிக்னல் தாண்டி மறுபடி, "செமி யாரோடம்மா?" அப்புறம் வீட்டு வாசலில் இன்னொரு தடவை. களைப்பு என்று நினைத்தேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியது. இங்கே கன்கஷன் என்று சொல்லும் இந்தத் தலைக்காயத்துக்கு மயக்கம் போட வேண்டியதில்லை, ரத்தம் வர வேண்டியதில்லை, புடைக்க வேண்டியதுகூட இல்லை. தப்பான பக்கம் போய் நிற்பது, கேட்டதையே கேட்பது, வெளிச்சம் கண்ணைக் கூசுவது, எரிச்சல், வழக்கத்தைவிடத் தூக்கம், இவையே போதும். அறிகுறி அப்போதே தெரிய வேண்டும் என்றும் இல்லை, சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்தும் வரலாம். சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும், அன்றைக்குத் திரும்ப இறக்கக் கூடாது. 2024-ல் ஆஸ்திரேலிய ஸ்போர்ட்ஸ் கமிஷன் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பிள்ளைகளுக்கும் ஊர் மட்டத்தில் ஆடுகிறவர்களுக்கும், அடிபட்ட நாளிலிருந்து குறைந்தது 21 நாள் கழித்துத்தான் மோதலோடு கூடிய போட்டி. அதற்கு முன் மோதல் பயிற்சிக்கே போக வேண்டுமென்றால் 14 நாள் ஒரு அறிகுறியும் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். டிவியில் என்.ஆர்.எல். என்ற தொழில்முறை ரக்பி லீக் போட்டி பார்க்கும் பையன்கள், "பெரிய பிளேயர்ஸே 11 நாள்ல வந்துடறாங்க" என்பார்கள். அந்த 11 நாள் கணக்கு, கூடவே டாக்டர்கள் இருக்கும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு 2023-லிருந்து வந்தது. உங்கள் வீட்டுப் பையனுக்கு அது பொருந்தாது.

இப்போது நாக்-அவுட் கணக்கைப் பாருங்கள். அரை இறுதி பத்து நாளில் என்று மெசேஜ் வந்துவிட்டது. கன்கஷன் என்று யாராவது வாயைத் திறந்து சொன்னால் அவன் 21 நாள் வெளியே, அதாவது அந்த வருடக் கோப்பையே போச்சு. பையனுக்கு அந்தக் கணக்கு தெரியும், என்னைவிட நன்றாகவே தெரியும். அதனால் அவன் சொல்லவில்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அறையில் திரையை இழுத்துவிட்டுக் கிடந்தான், பரீட்சைக்குப் படிக்கிறேன் என்றான். குளியலறை அலமாரியில் பனடால் மாத்திரைப் பட்டை காலியாக இருந்தது, தலைவலி எனக்கும் வருவதுதான் என்பதால் நான் எண்ணிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை பள்ளியிலிருந்து ஒருவர் போன் செய்து, "எல்லாம் ஓகேதானே? நல்லா இருக்கான்தானே?" என்று கேட்டார். இது அக்கறையான கேள்வி மாதிரிதான் இருந்தது. இப்போது நினைத்தால், பதிலையும் சேர்த்தே வைத்திருக்கிற கேள்வி அது. "நல்லா இருக்கான்" என்று நானும் சொன்னேன், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். யாரும் பொய் சொல்லவில்லை. யாருக்கும் உண்மையைக் கேட்க அவசரம் இல்லை, அவ்வளவே.

அப்புறம் மழை. கவுன்சில் மைதானங்களை மூடிவிட்டது, அரை இறுதி ஒரு வாரம் தள்ளிப்போனது. பையனுக்குக் கொண்டாட்டம், இன்னும் ஒரு வாரம் கிடைத்திருக்கிறது, எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் மனக்கணக்கு. அந்தத் தள்ளிப்போன வாரத்தில் நடந்த பயிற்சியில், டேக்கிள் பையைப் பிடித்துக்கொண்டிருந்த நண்பனின் தோள் இவன் தாடையில் பட்டது. சாதாரண இடி. சாயந்திரம் வந்தான், சாப்பாடு வேண்டாம் என்றான். ராத்திரி பதினொன்றுக்கு வாந்தி எடுத்தான். அரை மணியில் மறுபடி. "டேய் கண்ணா, என்னடா பண்ணுது?" என்று கேட்டால் நாக்கு குழறியது, கண்ணைத் திறக்க முடியவில்லை. அப்போதுதான், "அம்மா, அந்த மேட்ச்லயே அடிபட்டதும்மா" என்றான். கைகால் உதற அவசர உதவி எண் 000-க்கு அழைத்தேன். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், குழப்பம், வலிப்பு, கைகால் பலமில்லாமல் போவது, இதில் எது வந்தாலும் காரில் கூட்டிப்போகலாமா என்று யோசிக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். காசைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அந்த நேரத்தில் காசை நினைக்காதீர்கள்.

அந்த ராத்திரியைப் பற்றி நிறைய எழுத முடியவில்லை. ஸ்கேனுக்கு அவனைத் தள்ளிக்கொண்டு போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுக்காரருக்கு அடித்துக்கொண்டே இருந்தேன், அவர் இரவு ஷிஃப்டில் இருந்தார், போன் லாக்கரில். முழுப் பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்துதான் எடுப்பார். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவுக்கு அழைக்கத் தயங்கினேன், நேரம் இரண்டு தாண்டிவிட்டது. விடியற்காலை அழைத்தபோது அவர் திட்டினார். "நீர் ஏன் தனிய நிண்டு அந்தரப்படுறீர்? என்ன நேரமெண்டாலும் அடிக்கலாம்தானே" என்று சொல்லிவிட்டு, ஃபிளாஸ்க்கில் பால் தேத்தண்ணியும் புட்டும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டிருக்கிறது என்றார் டாக்டர். அரிதாக அப்படிப் படும்போது மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகும், உங்கள் பையன் தப்பித்தான் என்பதை அவர் கோபமே இல்லாமல், வானிலை சொல்வதுபோல் சொன்னார். எனக்கு அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நிறையப் பேருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடுமாம், இவனுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, போன் டிவி குறைத்து. அதற்கப்புறம் இருட்டறையிலேயே கிடக்கவிடக் கூடாதாம், மெதுவாக நடக்க வைக்கச் சொன்னார்கள். முதலில் படிப்புக்குத் திரும்பவேண்டும், ஆட்டமெல்லாம் அதற்கப்புறம். இவன் பதினொன்றாம் வகுப்பு. அரை மணி படித்தால் எழுத்து ஆடுகிறது என்பான். இங்கே ஒரு முக்கியமான விஷயம், தேர்வு எழுத முடியாமல் போனாலோ சுமாராக எழுதிவிட்டாலோ பள்ளியில் இல்னஸ், மிஸ்அட்வென்ச்சர் படிவம் கொடுக்கலாம், டாக்டர் சான்றிதழோடு. ஆனால் அதற்கு நாள் கெடு உண்டு. முதல் தேர்வுக்கு எனக்கு இது தெரியவில்லை, கெடு போய்விட்டது, வாங்கிய மதிப்பெண் வாங்கியதுதான். ஜி.பி.யிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், முதல் நாள் போகும்போதே பள்ளிக்கு ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். "நேரம் கூடுதலாகத் தேவை, திரை நேரம் குறைவாக" என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள், வெறும் "அன்ஃபிட்" என்று எழுதிய சீட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

காசுக் கணக்குக்கு வருகிறேன். அரசு மருத்துவமனை எமர்ஜென்சியும் ஸ்கேனும் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் இலவசம். ஆம்புலன்ஸ் மெடிகேரில் வராது. இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்தும் எனக்கு அது தெரியாது. நியூ சவுத் வேல்ஸில் அழைத்ததற்கு ஒரு தொகை, கிலோமீட்டருக்கு ஒரு தொகை என்று பில் வரும். எங்களுக்கு 450 டாலருக்கு மேல் வந்தது, அரசு சலுகை போகத்தான் அது. கன்செஷன் கார்டு இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. ஸ்போர்ட்ஸ் டாக்டரிடம் போக ஜி.பி. கடிதம் வாங்கினால் மெடிகேர் கொஞ்சம் திருப்பித் தரும், மீதி கையிலிருந்து. கழுத்துப் பிசியோவுக்கு ஜி.பி. பிளானில் ஐந்து தடவை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிப் போனேன். அது ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோய்களுக்காம். முழுக் காசும் நானே கட்டினேன். பள்ளி விளையாட்டுக்கு அரசின் காயத் திட்டம் ஒன்று இருக்கிறது, அது நிரந்தரமான பெரிய இழப்புக்குத்தான், எங்கள் மாதிரி பில்லுக்கு இல்லை. கிளப் இன்சூரன்ஸும் மெடிகேர் தொடுகிற எதன் மிச்சத் தொகையையும் கொடுக்காது, சட்டமே அப்படி. இதையெல்லாம்விடப் பெரிய தொகை என் சம்பளம். அவனைத் தனியே விட முடியாமல் விட்ட ஷிஃப்டுகள். எல்லாம் சேர்த்தால் நாலாயிரம் டாலருக்குப் பக்கத்தில் வரும், வீட்டுக் கடன் தவணைக்கு வைத்திருந்த பணம். 482 என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்தியாவோடு மெடிகேர் ஒப்பந்தம் கிடையாது, உங்கள் இன்சூரன்ஸ் எமர்ஜென்சிக்கு எவ்வளவு கொடுக்கும், ஆம்புலன்ஸ் உண்டா என்று இன்றைக்கே எடுத்துப் படித்துப் பாருங்கள்.

அரை இறுதி அவன் இல்லாமலேயே நடந்தது, தோற்றார்கள். அந்தச் செய்தி வந்தபோது அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நண்பர்கள் யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் வீட்டுக்கும் யாரும் வரவில்லை. அதுதான் அவனை ரொம்ப வாட்டியது. மடக்கு நாற்காலித் தாத்தா மட்டும் பேரன் மூலம் ஒரு சாக்லேட் பெட்டி அனுப்பியிருந்தார்.

பள்ளிக்குப் போய் உட்கார்ந்து பேசினேன். சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். பயிற்சியாளர் சின்னப் பையன், ஆசிரியர் வேலைக்கு நடுவே சம்பளம் இல்லாமல் செய்கிறவர், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அதனால் கத்தவில்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டேன், நீங்களும் சீசன் தொடங்கும் முன்பே கேளுங்கள். ஆட்டத்தின்போது தலையில் அடி பட்டதா என்று முடிவு செய்வது யார், அந்த ஆள் பயிற்சியாளராகவே இருந்தால் ஜெயிக்க வேண்டியவரும் அவர்தானே? பையன் சந்தேகமாக நின்றால் அதை அன்றே பெற்றோருக்கு எழுத்தில் சொல்வீர்களா? என் பையனுக்குப் பதிலாக இறக்க இன்னொரு ஹூக்கர் இருக்கிறானா? இந்தக் கடைசிக் கேள்விதான் பயிற்சியாளரை யோசிக்க வைத்தது. மாற்று ஆள் இல்லாத இடத்தில் ஆடுகிற பையனை யாரும் வெளியே எடுக்க மாட்டார்கள், அவனும் வர மாட்டான்.

எல்லோரும் கேட்கும் கேள்வி, இன்னமும் விளையாட விடுகிறாயா என்பது. விடுகிறேன். என் வீட்டுக்காரர் வேண்டவே வேண்டாம் என்றார், ஊரிலிருந்து மாமியார் போனில் அழுதார். ஆனால் தடை போட்டால் அவன் அடுத்த காயத்தையும் மறைப்பான், அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஸ்போர்ட்ஸ் டாக்டர் எழுத்தில் அனுமதி கொடுத்த பிறகு, இந்த வருடம் சனிக்கிழமை கிளப்பில் மட்டும் ஆடுகிறான். பள்ளிக் கோப்பைக்கு அவனே பெயர் கொடுக்கவில்லை, பன்னிரண்டாம் வகுப்பு என்று காரணம் சொல்கிறான், உண்மைக் காரணம் அதுதானா என்று நான் துருவவில்லை. எங்களுக்குள் ஒரு ஏற்பாடு, தலையில் எது பட்டாலும் அன்றைக்கே சொல்ல வேண்டும், சொன்னால் நான் திட்ட மாட்டேன், அந்த 21 நாளில் ஒரு நாளைக்கூடப் பேரம் பேச மாட்டோம். இந்த சீசனில் ஒரு தடவை வந்து சொன்னான். ஜி.பி. பார்த்துவிட்டு அது வெறும் மூக்கில் பட்ட அடிதான் என்றார், எண்பது டாலர் போச்சு, சந்தோஷமாகக் கட்டினேன். ஆம்புலன்ஸுக்கு மட்டும் தனி கவர் எடுத்திருக்கிறோம், குடும்பம் முழுவதுக்கும் சேர்த்து வருடத்துக்கு என் ஒரு ஷிஃப்ட் சம்பளத்துக்குள் முடிந்துவிட்டது. எடுத்த உடனே செல்லாது, சில நாள் காத்திருக்க வேண்டும் என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், அதனால் முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் வரை தள்ளிப் போடாதீர்கள்.